தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த வளைந்த இரும்பு

திருச்சிப் பக்கமிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதமும் ஐந்து படங்களும் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். கடிதத்தின் சாரம் இதுதான்.

பாட்டி காலமான பிறகு வீட்டைக் காலி செய்தபோது, அம்மாவின் அப்பா வைத்திருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். தாத்தா பொன்மலை ரயில்வே பட்டறையில் 1938-ல் சேர்ந்து 1977-ல் ஓய்வு பெற்றவர். வாசகி பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். பெட்டிக்குள், கிழிந்த வேட்டித் துணியில் சுற்றி, ஒரு விசித்திரமான இரும்பு. மொத்த நீளம் 37 செ.மீ., கைப்பிடி போக இரும்பு மட்டும் 24 செ.மீ., எடை 340 கிராம். நுனி கரண்டி போல லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கிறது. ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் நீளவாக்கில் குழிவு. இரண்டு ஓரமும் கூர். கைப்பிடிக்கு அருகே இரும்பில் எஸ்.ஐ.ஆர். என்று ஆங்கில எழுத்துகள். அதன் கீழே பாதி அழிந்துபோன இன்னொரு வரியில் "ஸ்ட் ஸ்டீல்" என்று மட்டும் படிக்க முடிகிறது. அங்கேயே பின்னல் கோலம் போட்டது போன்ற கோடுகள், கோடுகளுக்குள் சிவப்புக் கறை. கைப்பிடியின் பித்தளைப் பூணில் 1743 என்று ஒரு எண், அதன் குறுக்கே ஒரு வெட்டு. கீழே 2916.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. "பட்டாளத்துத் துப்பாக்கி முனைக் கத்தி, பயோனெட், போலீஸ் வம்பு வரும், காவிரியில் போட்டுவிடு" என்கிறார் மாமா. சிவப்பைப் பார்த்த அம்மா, ரத்தம் பட்ட பொருளை வீட்டில் வைக்கக் கூடாது என்கிறார். கணவர் அதை வைத்துப் பெயிண்ட் டப்பா மூடியை நெம்பப் பார்த்திருக்கிறார். ஒன்பது வயது மகன் கத்திச் சண்டை போட்டிருக்கிறான். இதற்கிடையில் தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், "1743-ஆம் வருடத்துப் பொருள், இருடியம் என்ற அரிய உலோகம் கலந்திருக்கிறது, காந்தம் ஒட்டுகிறது பாருங்கள், பல லட்சம் போகும்" என்று சொல்லி, பரிசோதனைக்கு 50,000 ரூபாய் கேட்டிருக்கிறார். முன்பணமாக 5,000 ரூபாயை போனில் அனுப்பியும் விட்டார்கள். இது என்ன பொருள், விற்கலாமா, வைத்திருப்பது குற்றமா என்பவை வாசகியின் கேள்விகள்.

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறையும் படங்களைப் பல முறையும் பார்த்தேன். ஃபிட்டராகப் பல வருடம் வேலை செய்து, பிறகு ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். மூன்றாவது படத்தைப் பார்த்ததுமே பொருள் என்னவென்று தெரிந்துவிட்டது. ஆனாலும் அவசரம் ஒன்று இருக்கிறது. அதை முதலில் முடித்துவிடுவோம்.

முதலில் அந்த 5,000 ரூபாய்

அந்த ஆளுக்கு இனி ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். இருடியம் என்ற பெயரில் தமிழ்நாட்டில் பல காலமாக நடக்கும் மோசடி இது. பழைய செம்பு, கோயில் கலசம், பாட்டி வீட்டுச் சாமான் என்று எது கிடைத்தாலும் இருடியம் இருக்கிறது என்பார்கள். பரிசோதனைக்குப் பணம் கேட்பார்கள், அப்புறம் வெளிநாட்டுப் பார்ட்டி வருகிறார் என்று இன்னும் கேட்பார்கள்.

அவர் காட்டிய சான்றே அவருக்கு எதிராக நிற்கிறது. இருடியம் காந்தத்தில் ஒட்டாது. காந்தம் ஒட்டினால் அது இரும்பு அல்லது எஃகு என்றுதான் முதலில் எண்ண வேண்டும். இன்னொன்று, இருடியம் பயங்கர கனம். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு, அதே அளவு இருடியம் இருபத்திரண்டரை கிராம். உங்கள் கையில் இருப்பது இருடியமாக இருந்தால் இரும்புப் பகுதி மட்டுமே முக்கால் கிலோவைத் தாண்டும். நீங்கள் சமையலறைத் தராசில் பார்த்ததோ கைப்பிடியோடு சேர்த்து 340 கிராம். அந்த அளவுள்ள எஃகுக்கு இதுதான் சரியான எடை.

பணம் அனுப்பிய ரசீது போனில் இருக்கும். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு இன்றே பேசுங்கள். தாமதிக்கத் தாமதிக்க அந்தப் பணம் கை மாறிக்கொண்டே போகும். அவர் அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள். அவர் நேரில் வந்தால் பொருளைக் கையில் கொடுக்காதீர்கள். "போலீசில் நாங்களே சொல்லிவிடுவோம்" என்று மிரட்டினால் பயப்படவும் வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இது ஒரு அரம், ஒரு ஸ்கிரேப்பர்

உங்களிடம் இருப்பது, எஞ்சின் அச்சைத் தாங்கும் ஒயிட் மெட்டல் பேரிங்கின் உட்புறத்தைச் சுரண்டும் கை ஸ்கிரேப்பர், அதாவது சுரண்டி. கடையில் வாங்கியதில்லை. தேய்ந்துபோன பழைய அரைவட்ட அரத்தை எடுத்து, பல்லைத் தேய்த்து நீக்கி, நுனியைக் காய்ச்சி வளைத்து, மறுபடி கடினமேற்றி, குழிவு எடுத்து, ஒரு மனிதர் தன் கைக்கு ஏற்றபடி செய்துகொண்டது.

நீங்கள் கோலம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என் சாட்சி. அரத்தின் தட்டைப் பக்கத்தில் இரண்டு வரிசைக் கோடுகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டி, சின்னச் சின்னக் கட்டங்களாக நிற்கும். அதுதான் அரத்தின் பல். சாணைக்கல்லில் தேய்க்கும்போது வேலை செய்யும் பகுதியில் பல் முழுக்கப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் ரம்பம் போல ஆகிவிடும். கைப்பிடிக்குப் பக்கத்தில் அந்தத் தேவை இல்லை என்பதால் அங்கே பாதியில் விட்டுவிடுவார்கள். உங்கள் படத்தில் கோலம் கைப்பிடிப் பக்கம் ஆழமாக இருந்து, நுனியை நோக்கிப் போகப் போக மங்கி மறைகிறது. சாணை பிடித்தவர் கை எங்கே அழுத்தியது, எங்கே தூக்கியது என்பதுவரை அதில் தெரிகிறது.

படத்தைப் பார்த்து நான் சொல்வதை நீங்களே சரிபார்க்கலாம். ஹார்டுவேர் கடையில் 12 அங்குல அரைவட்ட அரம் ஒன்று வாங்குங்கள், அல்லது பக்கத்துப் பட்டறையில் இரவல் கேளுங்கள். இரண்டையும் அருகருகே வையுங்கள். கைப்பிடிப் பக்கத்து அகலம், முதுகின் உருண்டை, கைப்பிடிக்குள் இறங்கும் வால் பக்கம் குறுகும் விதம் எல்லாம் ஒத்துப்போகும். நுனிப் பக்கம் மட்டும் உங்களுடையது குட்டையாக இருக்கும். உடைந்த அரத்தின் முன்பகுதியைத் தள்ளிவிட்டுச் செய்திருக்க வேண்டும்.

எதற்கு இப்படி ஒரு கருவி? நீராவி எஞ்சினின் சக்கர அச்சு சுழலும் இடத்தில் பெரும்பாலும் இன்றுபோல உருளை பேரிங் கிடையாது. அச்சின் பளபளப்பான கழுத்துப் பகுதியை ஜர்னல் என்போம். அதன்மேல் உட்கார்வது பித்தளை பேரிங், அதன் உட்புறம் ஒயிட் மெட்டல் பூச்சு. வெள்ளீயத்தோடு ஆன்டிமனி, செம்பு சேர்த்த மென்மையான கலவை அது. ஐசக் பாபிட் 1839-ல் இதற்குக் காப்புரிமை வாங்கியதால் பாபிட் மெட்டல் என்றும் சொல்வார்கள். உருக்கி ஊற்றி, லேத் என்ற கடைசல் இயந்திரத்தில் குடைந்து எடுத்தாலும் அப்படியே அச்சில் உட்காராது. மயிரிழை மேடு ஒன்று இருந்தாலும் எஞ்சினின் கனமெல்லாம் அந்த ஒரு இடத்தில் இறங்கும். சூடேறும், பூச்சு உருகும், நடுவழியில் வண்டி நிற்கும்.

அதனால் கடைசி வேலை மனிதக் கைக்குத்தான். ஜர்னல்மேல் ரெட் லெட் என்ற சிவப்பு ஈயப் பொடியை எண்ணெயில் குழைத்த குழம்பை விரலால் மெல்லியதாகப் பூசுவோம். பேரிங்கை வைத்து அசைத்து எடுப்போம். உள்ளே எங்கெங்கே சிவப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் மேடு. ஸ்கிரேப்பரை அதில் சாய்த்து வைத்து, மணிக்கட்டைத் திருப்பி ஒரு இழுப்பு. வெங்காயச் சருகு போல ஒரு சுருள் வரும். துடைத்துவிட்டு மறுபடி பூச்சு, மறுபடி வைத்துப் பார்ப்பது, மறுபடி சுரண்டல். முதலில் இரண்டு மூன்று பெரிய சிவப்புத் திட்டுகள் இருக்கும். போகப் போக அவை உடைந்து, கடைசியில் அம்மைத் தழும்பு போல பேரிங் முழுக்கப் பரவி நிற்கும். அப்போதுதான் மேஸ்திரி தலையாட்டுவார். ஒரு பேரிங்குக்கே பாதி நாள் போய்விடும்.

இப்போது உங்கள் பொருளின் வடிவத்தைப் பாருங்கள். உருண்டை முதுகு, பேரிங்கின் உள்வளைவுக்குள் படிந்து உட்காரத்தான். நுனி மேல்நோக்கி வளைந்திருப்பதால் கை பேரிங்கின் விளிம்பில் இடிக்காமல் கருவியின் வயிறு ஆழத்தைத் தொடும். நடுவில் குழிவு எடுத்திருப்பதால் எண்ணெய்க் கல்லில் தீட்டும்போது முழு அகலமும் கல்லில் படாது, ஓரத்து இரண்டு கோடுகள் மட்டுமே படும், சட்டென்று கூர் ஏறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் இருக்கிறது. இதைச் செய்தவர் வேலை தெரிந்தவர்.

அரத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அரத்தைவிடக் கெட்டியான எஃகு தொழிலாளி கைக்கு இலவசமாகக் கிடைக்காது. பல் தேய்ந்தால் அரமாக அது முடிந்துவிட்டது, எஃகு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் மாற்றுவது லேசான வேலை கிடையாது. நான் பழகுநராக இருந்த முதல் வருடம், மூத்த ஃபிட்டர் ஒருவர் பழைய அரம் ஒன்றைக் கொடுத்து, "இதைத் தேய்த்துக்கொண்டு வா, அப்புறம் பேரிங்கைத் தொடலாம்" என்றார். அவசரத்தில் சாணையில் அழுத்திவிட்டேன். நுனியில் மயில் கழுத்து நீலம் ஏறியது. எனக்கு அது அழகாகத் தெரிந்தது. அவர் வாங்கிப் பார்த்து, "செத்துப்போச்சு" என்று சொல்லி ஓரமாக வைத்தார். நீலம் ஏறினால் அந்த இடத்தில் கடினம் இறங்கிவிட்டது என்று அர்த்தம், பிறகு கூர் நிற்காது. நான்காவது அரத்தில்தான் எனக்குச் சரியாக வந்தது. ஒவ்வொரு தேய்ப்புக்கும் தண்ணீரில் முக்கி, கட்டை விரலில் சூடு பார்த்து, அப்படித்தான் செய்ய வேண்டும். உங்கள் படத்தில் இருக்கும் ஓரத்தில் அந்த நீலத்தின் சாயலே இல்லை.

1743 என்பது வருடம் கிடையாது

எஸ்.ஐ.ஆர். என்பது சவுத் இந்தியன் ரயில்வே. அந்தக் கம்பெனி 1874-ல் உருவானது. 1951 ஏப்ரல் 14 அன்று மற்ற ரயில்வேக்களோடு சேர்ந்து இன்றைய தெற்கு ரயில்வே ஆனது. ஆக, இந்த முத்திரை விழுந்தது 1951-க்கு முன்னால். 1743-ல் இந்தியாவில் ரயிலே இல்லை. முதல் பயணி ரயில் பம்பாயிலிருந்து தானே வரை ஓடியது 1853-ல். நம் பக்கம் ராயபுரத்திலிருந்து வண்டி கிளம்பியது 1856-ல்.

அழிந்துபோன வரி "காஸ்ட் ஸ்டீல்" என்று இருந்திருக்கும். இதை வார்ப்பிரும்பு என்று நினைத்து மட்டமான சரக்கு என்பவர்கள் உண்டு. அது தவறு. மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்கலத்தில், எஃகை உருக்கி வார்க்கும் முறையை இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740-களில் கொண்டுவந்தார். அந்த எஃகுக்கு அந்தக் காலத்தில் அதுதான் பெயர். நல்ல அரங்களில் பெருமையாக அதைக் குத்தியிருப்பார்கள். அரம் செய்த கம்பெனியின் பெயர் சாணையில் போய்விட்டது. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. இந்தப் பொருளில் படிக்க வேண்டியது பூணில் இருக்கிறது.

பூணில் இருக்கும் எண்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கு எண்களும் ஒரே நேர்கோட்டில் இல்லை. 7 சற்றுச் சாய்ந்திருக்கிறது, 3 கீழே இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு எண்ணையும் பஞ்ச் என்ற தனித்தனி எண் அச்சு உளியை வைத்து, சுத்தியலால் தட்டியிருக்கிறார்கள். ரயில்வே பட்டறையில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு டிக்கெட் நம்பர் உண்டு. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்யும் இடத்தில் சொந்தக் கருவியை அடையாளம் வைக்க அந்த நம்பரைத்தான் குத்திக்கொள்வார்கள். அதனால் 1743 ஒரு மனிதர், 2916 இன்னொருவர். முதல் எண்ணின் மேல் உளியால் ஒரே வெட்டு, நிதானமாகப் போட்ட வெட்டு. திருட்டுப் பொருளில் பழைய எண்ணை அரத்தால் தேய்த்தே எடுத்துவிடுவார்கள். இங்கே பழைய எண் படிக்கும்படியாகவே விடப்பட்டிருக்கிறது. ஓய்வு பெறும் மூத்தவர் தன் கருவியைப் பழகுநனுக்குக் கொடுத்துப் போவது வழக்கம். இதுவும் அப்படித்தான் கை மாறியிருக்கும் என்று என் அனுபவம் சொல்கிறது.

சிவப்புக் கறை

அம்மாவிடம் சொல்லுங்கள், அது ரத்தம் இல்லை. ரத்தம் நாலு நாளில் பழுப்பாகி, பிறகு கறுத்துவிடும். ஐம்பது வருடம் கழித்து ஆரஞ்சு கலந்த சிவப்பாக நிற்காது. பல்லின் பள்ளங்களுக்குள் எண்ணெய்ப் பசையோடு அப்பியிருப்பது நான் மேலே சொன்ன ரெட் லெட். ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமமாக இருக்கலாமே என்றால், குங்குமம் பொட்டாகக் கைப்பிடியிலோ பூணிலோ இருக்கும், இப்படிப் பள்ளங்களுக்குள் இறங்கி நிற்காது.

ரத்தம் இல்லை என்பதால் கவலையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ரெட் லெட் என்பது ஈயத்தின் ஆக்சைடு, அது விஷம். நாங்கள் அந்தக் காலத்தில் கையுறை இல்லாமல் அதைத் தொட்டுவிட்டு, வேஸ்ட் காட்டனில் துடைத்துவிட்டு டீ குடித்திருக்கிறோம். அது தவறு. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தாலும் பாதிக்கும். மகன் கைகளை ஒருமுறை சோப்புப் போட்டு நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். அவன் பல நாள் அதை வைத்து விளையாடியிருந்தாலோ, வாயில் வைத்திருந்தாலோ குழந்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ரத்தத்தில் ஈயம் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, தேவையா என்று அவர் முடிவு செய்வார். கருவி சுற்றியிருந்த வேட்டித் துணியை உதறாதீர்கள். ஒரு கவரில் போட்டுக் கட்டி வையுங்கள்.

மாமாவின் பயம்

பயோனெட் என்றால் துப்பாக்கியில் மாட்டுவதற்கு வளையமோ பள்ளமோ இருக்கும். இதில் மரக்கைப்பிடிக்குள் அரத்தின் வால் இறங்கியிருக்கிறது, மாட்ட வழியே இல்லை. மாமா பயந்ததற்கு ஒரு காரணம் இருக்கத்தான் செய்கிறது. ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமான கத்திகளைப் பற்றிப் பேச்சு வரும், உங்கள் இரும்பு 24 செ.மீ., ஒன்பதைச் சற்றுத் தாண்டுகிறது. ஆனால் வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு அதே விதியில் விலக்கு இருக்கிறது. வீட்டில் பெட்டிக்குள் வைத்திருக்கும் ஃபிட்டர் கருவிக்காக யாரும் உங்களைத் தேடி வரப்போவதில்லை. கைப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோக மட்டும் வேண்டாம். கூர் இன்னும் இருக்கிறது, பார்ப்பவர்களுக்கு அது கத்தியாகத்தான் தெரியும்.

நீங்கள் கேட்காமல் விட்ட, ஆனால் கேட்க வேண்டிய விஷயம் ரயில்வே முத்திரை. ரயில்வே சொத்தைத் திருட்டுத்தனமாக வைத்திருப்பதற்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, தண்டனையும் கடுமையானது. திருடியது அல்லது முறைகேடாகப் பெற்றது என்று நியாயமான சந்தேகம் வரும் பொருளை வைத்திருப்பவர்மேல் அந்தச் சட்டம் பாயும். முறையாக வந்தது என்று காட்டும் பொறுப்பும் அவருடையதுதான். 1951-க்கு முன் முத்திரை விழுந்து, பிறகு கழித்துப்போட்ட அரத்தை ஒரு தொழிலாளி தன் நம்பர் குத்தித் தன் கருவியாக மாற்றியிருக்கிறார், கை மாறி வந்த அதை நீங்கள் தாத்தாவின் பெட்டியில் கண்டெடுத்திருக்கிறீர்கள். இதில் அப்படியொரு சந்தேகத்துக்கு இடம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. நான் வக்கீல் இல்லை. யாராவது இதைச் சொல்லி மிரட்டினால் ஒரு வக்கீலிடம் பேசிவிடுங்கள். தாத்தாவின் பென்ஷன் புத்தகம், சர்வீஸ் சான்றிதழ் எது கிடைத்தாலும் இதனோடு சேர்த்தே வையுங்கள். காயலான் கடைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். ரயில்வே முத்திரை போட்ட இரும்பு அங்கே போனால் தேவையில்லாத கேள்விகள் வரும்.

விற்கலாமா?

சந்தையில் இதற்குச் சொல்லும்படியான விலை கிடையாது. பழைய சாமான் சேகரிப்பவர்களுக்கு இது "யாரோ தேய்த்த ஒரு அரம்". கம்பெனி பெயர் தெளிவாக இருக்கும், மாற்றாத கருவிகளைத்தான் அவர்கள் தேடுவார்கள். அவர்கள் குறை என்று நினைக்கும் அந்தக் கைவேலைதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. ஷெஃபீல்டில் இதைப் போல ஆயிரக்கணக்கில் அரம் செய்தார்கள். இந்த வளைவும் இந்தக் குழிவும் உலகத்தில் இந்த ஒன்றில்தான் இருக்கின்றன. இதை ஒருவர் தன் கையின் அளவுக்கு, தன் வேலைக்காகச் செய்திருக்கிறார். விற்க வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டில் வைக்க அம்மா கடைசிவரை சம்மதிக்காவிட்டால், திருச்சி ஜங்ஷன் அருகே இருக்கும் ரயில்வே பாரம்பரிய மையத்திலோ, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.) வளாகத்து ரயில் அருங்காட்சியகத்திலோ கேட்டுப் பாருங்கள். கொடுத்தால் தாத்தா பெயர், டிக்கெட் நம்பர், வேலை செய்த வருடங்கள் எல்லாவற்றையும் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

வைத்துக்கொள்வதென்றால்

இதைக் கடையில் கொடுத்துப் பாலிஷ் போடலாமா என்று தோன்றும். செய்யவே வேண்டாம். எண்கள் போய்விடும், பல்லின் தடம் போய்விடும், ஈயத்தூள் காற்றில் பறக்கும். புளி போட்டுத் தேய்ப்பது, உப்புத்தாள் போடுவது எல்லாமே வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு, தையல் மெஷின் எண்ணெய் நனைத்த பழைய பனியன் துணியால் இரும்பை ஒருமுறை ஒற்றித் துடையுங்கள், போதும். சிவப்பு இருக்கும் இடத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகிவிடும். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்துத் துரு ஏறும், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றலாம். இரண்டு ஓரங்களுக்கும் நீளவாக்கில் கீறிய ரப்பர் குழாயை மாட்டிவிட்டால் கை வெட்டாது. மகன் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

கணவருக்கு ஒரு வார்த்தை. அரம் எஃகு கெட்டியானது, ஆனால் கண்ணாடி போல உடையக்கூடியது. நெம்பினால் வளையாது, படீரென்று தெறிக்கும், சில்லு நேராகக் கண்ணுக்கு வரும். சுத்தியலால் இதை அடிப்பதும் அப்படித்தான். அந்தப் பெயிண்ட் மூடி கழன்றதா என்று எழுதவில்லை, இது உடையாமல் இருப்பதே எனக்கு நிம்மதி.

இன்னொரு விஷயம். நாலாவது படத்தில் கைப்பிடியின் வலது பக்கம் ஒரு குழி தெரிகிறது. மரம் உளுத்த குழி இல்லை அது, வழவழவென்று இருக்கிறது. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் கட்டை விரல் பதிந்தால்தான் அப்படித் தேயும். வலது கைக்காரர் பிடித்திருந்தால் அந்தக் குழி இடது பக்கம் வர வேண்டும். தாத்தாவுக்கு இடது கை வாக்கா என்று அம்மாவிடம் கேளுங்கள். பாட்டி அதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கக்கூடும்.

அப்புறம் அந்த நம்பர்கள். பென்ஷன் காகிதங்கள், பழைய சம்பளச் சீட்டு, சொசைட்டி பாஸ்புக், பட்டறையில் எடுத்த குரூப் போட்டோவின் பின்பக்கம், எதிலாவது டிக்கெட் நம்பர் இருக்கும். பொன்மலையில் 1946 செப்டம்பரில் துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தச் சமயம் உங்கள் தாத்தா அங்கே எட்டு வருடம் வேலை செய்து முடித்திருப்பார். அந்த நாட்களைப் பற்றி வீட்டில் பேசிய பேச்சு எதுவும் அம்மாவுக்கு நினைவிருந்தால் அதையும் எழுதி வையுங்கள், பெயர்கள் வந்தால் விடாதீர்கள். 2916 தாத்தாவின் நம்பர் என்று உறுதியானால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். 1743 யார் என்று தேட வேண்டியிருக்கும். நாகப்பட்டினத்தில் இருந்த பட்டறை 1920-களின் கடைசியில் பொன்மலைக்கு மாறியபோது அங்கிருந்து வந்த மூத்தவர்களில் ஒருவராகக்கூட அவர் இருக்கலாம். தாத்தா வேலை கற்றுக்கொண்டது யாரிடம், வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த பட்டறைக்காரர்களில் யாரைப் பார்த்ததும் தாத்தா எழுந்து நின்றார் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.